கப்பல் நின்ற ஒரு பகல்

ரொறன்ரோ
28 டிசம்பர் 1986

அன்புள்ள தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

இரண்டு தரம் விசாரித்து உறுதி செய்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆகவே பகிடி என்று நினைக்காதே.

பிறம்ரனில் நான் பெட்டி எண்ணும் வெயர்ஹவுஸில் நத்தார் விருந்தன்று சீட்டுக் குலுக்கினார்கள். முதற்பரிசு, இரண்டு பேருக்குக் கரிபியன் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம். மேலாளர் என் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தார். மூன்றும் என் பெயர் இல்லை. ஆனால் சீட்டு இலக்கம் என்னுடையது.

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். ஊரில் சனம் பங்கருக்குள் இருக்கையில் நான் கப்பல் தட்டில் வெயில் காய்வதா? வீட்டில் புனிதவதியும் அதைத்தான் சொன்னாள். பிறகு பயணத் தாளை வாங்கி வாசித்தேன். நான்காம் நாள், 18 பெப்ரவரி, புதன்கிழமை: குவாதலூப். காலை எட்டு மணிக்குத் துறையை அடையும். மாலை ஐந்து மணிக்குப் புறப்படும். நாலரைக்குள் ஏறிவிட வேண்டும், எவருக்காகவும் கப்பல் காத்திராது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

நீ பதினான்கு மாதமாக அகப்பட்டிருக்கும் தீவு. இனி எப்படி மாட்டேன் என்பது?

கப்பற்காரர் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி மூன்று இடம் காட்டிக் கடைத்தெருவில் இறக்கிவிடுவார்களாம். அந்த ரிக்கற்றை நான் எடுக்கவில்லை. பேப்பரில் நான் எழுதியதைப் பன்னிரண்டு வருடம் பிழை திருத்தினாய். இந்தத் தீவையும் நீயே காட்டு. துறைமுக வாசலில் எட்டு மணிக்கு நில். என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுது.

நவரட்ணம்


புவாந்தாப்பித், குவாதலூப்
11 ஜனவரி 1987

நவம் அண்ணை,

கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டு நான் போட்ட சத்தத்தில பேர்ணடெற் அடுப்பை விட்டிட்டு ஓடி வந்திட்டா. "ஆர் செத்தது?" எண்டு கேட்டா. ஒருத்தரும் சாகேல்லை, எங்கட அண்ணை வாறார் எண்டன். அவவின்ர சாப்பாட்டுக் கடையிலதான் சட்டி கழுவிச் சமைக்கிறன், பின்னறையில படுக்கிறன் எண்டு முந்தியே எழுதினனான். பதினெட்டாம் திகதி எனக்கு முழுநாள் லீவு. உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவ தருவாவாம்.

இஞ்சை கறிக்குப் பேர் என்ன தெரியுமோ? கொழும்பு. மீன் கொழும்பு, கோழிக் கொழும்பு. கொழும்பை விட்டு ஓடிவந்தவனுக்கு ஒவ்வொரு நாளும் கொழும்புதான் சாப்பாடு. பரிஸில ஏஜென்சிக்காரன் உலக மப்பை விரிச்சு, "உது கனடாவுக்குப் பக்கத்து வளவு, ரெண்டு விரல் தூரம்" எண்டான். மப்பில ரெண்டு விரல்தான். நான் பிழை திருத்திறவன், அதை ஏன் பிடிக்கேல்லை எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் இந்தத் தீவு தெரியாது. குசினியும் தெரியும், பொலிஸ் கந்தோர் வரிசையும் தெரியும். பேர்ணடெற்றின்ர பூட்டன் காரைக்காலில கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவராம். தமிழ் ஒரு சொல் தெரியாது அவவுக்கு. ஆனால் கப்பஸ்தேர் எண்ட இடத்தில, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில, இவையள் கட்டின மாரியம்மன் கோவில் இருக்கு. தனியப் போக மனம் வரேல்லை. உங்களோட போறன்.

கொண்டுவர ஒண்டும் வேண்டாம். பழைய தமிழ்ப் பேப்பர் இருந்தால் கொண்டு வாங்கோ. பிழை பிடிச்சுக் கனகாலம்.

நீங்கள் வாற விசயத்தைக் கோண்டாவிலுக்கு அம்மாவுக்கும் சகோதரி சந்திராவுக்கும் எழுதிப்போட்டன். அண்ணை, என்ர சொந்த அண்ணர் செத்த செய்தி எனக்குக் கடிதத்தில வந்தது தெரியும்தானே. எண்பத்துநாலில, பரிஸ் மெற்றோவுக்குள்ள நிண்டு வாசிச்சன். அஞ்சு கிழமைப் பழசு. அவன் சாம்பலாகி அஞ்சு கிழமை நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அதை நினைச்சுத்தான் எனக்கு விசர் பிடிச்சது, ஆஸ்பத்திரியில வைச்சவங்கள். அதுக்குப் பிறகு ஊர்க் கடிதம் வந்தால் முதல்ல வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பன். பயப்பிடாமல் உடைக்கிறது உங்கட கடிதம் ஒண்டுதான்.

எட்டு மணிக்கு நிப்பன். ஏழுக்கே நிப்பன்.

ஸ்ரீ


ரொறன்ரோ
4 பெப்ரவரி 1987
(தபாலில் சேர்க்காதது)

தம்பி ஸ்ரீ,

நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை 6.10க்கு யாழ்ப்பாணத்திலிருந்து சந்திரவதனா தொலைபேசியில் பேசினாள். மூன்று நிமிடம் கிடைத்தது. உன் அம்மா பரிமளம் கடந்த 29ஆம் திகதி வியாழக்கிழமை விடியற்காலையில் காலமானார். நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமிருக்கவில்லை.

இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு, இதை அனுப்பக்கூடாது என்றும் தெரிகிறது. சந்திரா சொன்ன சொற்களை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "அண்ணை, கடிதத்தில எழுதிப்போடாதேங்கோ. போனும் வேண்டாம். அவன் அங்கை தனிய. முந்தி நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பதினெட்டாம் திகதி போறியள்தானே. பக்கத்தில இருந்து, கையைப் பிடிச்சுச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நானும் எழுதமாட்டன்." நான் ஓம் என்றேன். தொடர்பு அறுந்தது.

இருபத்தேழு வருடம் செய்தியாளனாக இருந்தேன். எத்தனையோ செத்த வீட்டுக் கதவைத் தட்டி, இறந்தவரின் படம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டிலும் செய்தியை முதலில் சொன்னவன் நானில்லை. எனக்கு முன்னால் யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள். நான் எப்போதும் இரண்டாவதாகப் போனவன்.

இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவேன். வாய் வராவிட்டால் கையில் தருவேன்.

நவரட்ணம்


புவாந்தாப்பித்
22 பெப்ரவரி 1987

நவம் அண்ணைக்கு,

நீங்கள் போய் நாலு நாள். பேர்ணடெற் சொல்லுறா, நான் இன்னும் விசிலடிச்சுக்கொண்டுதான் சட்டி கழுவுறனாம்.

அண்ணை, அப்பிடியொரு நாள் எனக்கு எப்ப வந்தது எண்டு யோசிச்சுப் பாத்தன். எண்பத்துமூண்டுக்குப் பிறகு இல்லை. கஸ்பரின்ர மினிபஸ்ஸில முன்சீற்றில உங்களை இருத்தினதும், அவன் பாட்டை உரத்துப் போட்டதும், நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு, "உவனுக்குப் பிறேக் எண்டு ஒரு சாமான் இருக்கிறது தெரியுமோ?" எண்டு கேட்டதும்! கஸ்பருக்கு என்ன விளங்கினதோ, இன்னும் உரத்துப் போட்டான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மேகத்துக்குள்ள எரிமலை. பதினாறு மாதம் இருந்தும் நான் இந்த ரோட்டைக் கண்டதில்லை. நீங்கள் ஒரு நாளைக்கு வந்து எனக்குத் தீவைக் காட்டிப்போட்டுப் போயிட்டியள்.

கோவில்தான் எனக்குத் திருப்பித் திருப்பி வருது. அந்தப் பூசாரி சீமோன், கிழமை முழுக்க வாழைக்குலை பொதி பண்ணுறவன், வேட்டியைக் கட்டினதும் எப்பிடி மாறினான் பாத்தீங்களோ? தான் பாடுறது என்னெண்டு தெரியாமல் தமிழ் பாடுறான். நான் அம்மாவின்ர பேரைச் சொல்லி, நீண்ட ஆயுசுக்கு எண்டு பேர்ணடெற் எழுதித் தந்த துண்டைக் குடுக்க, அவன் கற்பூரத்தைக் கொளுத்தி மூண்டு தரம் பேரைச் சொன்னான். "பறிமளோம், பறிமளோம்" எண்டு. எனக்குச் சிரிப்பும் வந்திது, கண்ணும் கலங்கினது. நீங்களும் சொல்லுங்கோ அண்ணை எண்டன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வடிவாய்ச் சொன்னீங்கள். அந்தப் பேரைத் தமிழன் ஒருத்தன் வாயால சரியாய்ச் சொன்னது அம்மனுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு கறுப்பு மணல் கடற்கரை. பிறகு பேர்ணடெற்றின்ர மீன் கொழும்பு. நீங்கள் கொஞ்சமாய்த்தான் சாப்பிட்டீங்கள், கப்பல் சாப்பாடு வயித்துக்குப் பிடிச்சிட்டுது போல. சந்தையில அம்மாவுக்கு வாங்கி உங்களிட்டைத் தந்துவிட்ட சதுரக்கோட்டுத் துணி பத்திரம். அதுக்கு இஞ்சை மதராஸ் எண்டு பேர். இந்தியாவிலயிருந்து இஞ்சை வந்த துணி, திரும்ப ரொறன்ரோ சுத்திக் கோண்டாவிலுக்குப் போகுது. அம்மாவுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பா.

ஒண்டு கேக்கவேணும். சட்டைப்பையை ஏன் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்கள்? ரிக்கற் விழுந்திடும் எண்ட பயமோ? கடைசியில கப்பல் ஏணியிலயும் ரெண்டு தரம் நிண்டு திரும்பிப் பாத்தீங்கள். என்னவோ மறந்துபோய் விட்டிட்டுப் போறியள் எண்டு நினைச்சு மேசையைத் தேடிப் பாத்தன். ஒண்டும் இல்லை.

புனிதம் அக்காவுக்குக் கப்பல் தலைச்சுத்து மாறினதோ? அவவையும் அடுத்தமுறை இறக்கவேணும்.

ஸ்ரீ


ரொறன்ரோ
9 மார்ச் 1987

அன்புள்ள ஸ்ரீ,

கடிதம் கிடைத்தது. புனிதவதி சுகம். இங்கே இன்னும் பனி. பிறம்ரன் பஸ் இன்று நாற்பது நிமிடம் பிந்தியது.

படங்கள் கழுவி வந்தன. ஆறு நன்றாக இருக்கின்றன. கோவிலில் எடுத்தது கறுத்துவிட்டது. துணியை இன்னும் அனுப்பவில்லை. ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போவதாகத் தெரியவில்லை.

பையில் இருந்தது முக்கியமான ஒன்றல்ல.

உனக்கு விரிவாக ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்த வாரம் வேலை கூட. உடம்பைப் பார்த்துக்கொள். தனியே இருக்காதே. பேர்ணடெற்றோடு இரு.

நவரட்ணம்


புவாந்தாப்பித்
27 மார்ச் 1987

நவரட்ணம் அவர்களுக்கு,

நேற்று, 26ஆம் திகதி, சந்திராவின் கடிதம் வந்தது. மார்ச் முதலாம் திகதி எழுதியது. முதல் வரி: "நவம் அண்ணையின் தந்தி கிடைத்தது, நீ தாங்கிக்கொண்டாய் என்று அறிந்து ஆறுதல்." இரண்டாவது வரி: "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நேற்று முடிந்தது."

யாருடைய அந்தியேட்டி என்று தெரிய நான் இரண்டாம் பக்கம் வரை வாசிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் வந்த பெப்ரவரி 18, என் அம்மா இறந்த இருபத்தோராம் நாள். நான் சாவுத் துடக்கோடு கோவிலுக்குள் போனேன். துடக்கோடு மீன் தின்றேன். கொள்ளி வைக்காத மகன், செத்த தாய்க்கு நீண்ட ஆயுசு கேட்டுக் கற்பூரம் கொளுத்தினேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னீர்கள். வடிவாகச் சொன்னீர்கள்.

விசிலடித்துக்கொண்டு சட்டி கழுவினேன் என்று உங்களுக்கு எழுதினேன். அதை வாசித்துவிட்டு, பிறம்ரன் பஸ் பிந்தியது என்று பதில் எழுதினீர்கள்.

இன்னொரு தரமும் நான் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்தத் தரம் பிந்தியது தபாலால் அல்ல.

எனக்கு எழுத வேண்டாம்.

ஸ்ரீஸ்கந்தராசா


ரொறன்ரோ
9 ஏப்ரல் 1987

ஸ்ரீ,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். வாசிக்காமல் கிழித்தாலும் சரி. பெப்ரவரி 4ஆம் திகதி எழுதி அனுப்பாத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதுதான் என் சட்டைப்பையில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருப்பது நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததால்.

அன்று எனக்குக் கிடைத்த சந்தர்ப்பங்களைக் கணக்காகச் சொல்கிறேன். 8.25க்கு வாசலில் நீ என்னை நிலத்திலிருந்து தூக்கினாய். தூக்கியவனிடம் எப்படிச் சொல்வது, கீழே விடட்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் சத்தம். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் தோளைப் பிடித்தேன். நீ, "பாத்து அண்ணை, வழுக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். கையைப் பிடித்துச் சொல்லச் சொன்னது நினைவு வந்தது. பிடித்தது நீ. கடற்கரையில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்று, "இண்டைக்குத்தான் நான் இந்தத் தீவுக்கு வந்திறங்கியிருக்கிறன்" என்றாய்.

கடைசியாகத் துறைமுகம். 3.55க்கு வந்தோம். நான் ஏறியது 4.28. முப்பத்து மூன்று நிமிடம். தேங்காய்ப்பால் ஐஸ் வாங்கித் தந்தாய். நாம் பழைய பேப்பரில் எழுத்துப்பிழை தேடினோம். ஒன்பது பிழை பிடித்தோம். ஒரு மரணச் செய்தி சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு முப்பத்து மூன்று இருந்தது.

ஏணியில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அறைக்குள் போனதும் புனிதவதி தலையை நிமிர்த்தி, "சொல்லியாச்சோ? பெடியன் என்ன மாதிரி?" என்று கேட்டாள். "ஓம். தாங்கிக்கொண்டான்" என்றேன். அது முதற்பொய். பெப்ரவரி 24ஆம் திகதி சந்திராவுக்கு அடித்த தந்தி இரண்டாவது. உனக்கு மார்ச்சில் எழுதிய கடிதம் மூன்றாவது. நீ நொறுங்கிப்போவாய் என்று பயந்தேன், இரக்கத்தால் வாய் வரவில்லை என்று புனிதவதியிடம் இப்போது சொல்லிப் பார்த்தேன். அவள், "உங்கட இரக்கத்தை அவன் கேட்டவனோ?" என்றாள்.

அவள் சொல்வது சரி. நானும் அதை நம்பவில்லை. உண்மை இது. மூன்று வருடமாக நான் பெட்டி எண்ணுகிறேன். இங்கே நான் செய்தியாளன் என்று தெரிந்தவர் எவருமில்லை. தொலைபேசி அடித்தால் சாவு, கடிதம் வந்தால் சாவு. அன்று காலை அந்த வாசலில் ஒருவன் என்னைக் கண்டு சத்தம் போட்டான். அந்தப் பகல் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன், ஸ்ரீ. சொல்லியிருந்தால் பகல் முடிந்திருக்கும். உனக்கு உரிய செய்தியை வைத்துக்கொண்டு, உன்னிடமிருந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டேன்.

சித்திரா பௌர்ணமிக்கு முன் இது உன் கையில் கிடைக்காது. தாயில்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள். அதையாவது சந்திரா எழுதியிருப்பாள் என்று நம்புகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இல்லை. கேட்கவுமில்லை.

நவரட்ணம்


புவாந்தாப்பித்
3 நவம்பர் 1987

நவரட்ணம் அண்ணைக்கு,

ஏழு மாதம். உங்கட கடிதத்தைக் கிழிக்கேல்லை. அரிசி ரின்னுக்கு மேல வைச்சிருந்தன், ஓகஸ்டிலதான் வாசிச்சன்.

நான் இப்பவும் உங்களில கோவமாய்த்தான் இருக்கிறன். அதை முதல்ல எழுதிப்போட்டு மற்றதை எழுதுறன்.

சந்திராவின்ர கடிதம் வந்த அண்டு சட்டி, கோப்பை எல்லாத்தையும் போட்டு உடைச்சன். பேர்ணடெற் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு வெளியில கதிரையில இருந்தா. எட்டாம் நாள் சீமோனிட்டைக் கூட்டிக்கொண்டு போனா. துடக்கோட உங்கட கோவிலுக்குள்ள வந்திட்டன், கழுவவேணும் எண்டு சொன்னன். அவன் பேர்ணடெற்றிட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டு விளங்கிக்கொண்டு சொன்னான்: அவன்ர பூட்டன், பூட்டி ஒருத்தருக்கும் ஊரில தாய் செத்த நாள் தெரியாதாம். சில பேருக்குப் பத்து வருசத்தால தெரிஞ்சதாம், சில பேருக்குத் தெரியவே இல்லையாம். அப்ப கழுவுறது எண்டால் இந்தக் கோவிலை முழுக்கக் கடலுக்கதான் தூக்கிப்போட வேணும் எண்டான். பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு. எனக்கு வரேல்லை.

போன ஞாயிறு இஞ்சை செத்தவையின்ர திருநாள். சவக்காலை முழுக்க மெழுகுதிரி. பேர்ணடெற் தாய்க்கு ஏத்தேக்குள்ள எனக்கும் ஒண்டு தந்தா. ஏத்திப்போட்டு நிக்க, அவ கேட்டா, உன்ர அம்மா எப்பிடிச் செத்தவ எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நெஞ்சு நோ எண்டு உங்கட நாலு வரியில இருக்கு. சந்திரா ஆறுதல்தான் எழுதுறாள். நித்திரை மாதிரிப் போனா, புண்ணியவதி எண்டு. எனக்கு ஆறுதல் வேண்டாம்.

எனக்குச் செய்தி வேணும். எத்தினை மணி, எந்த அறை, ஆர் பக்கத்தில, என்ன சொன்னவ, ஆர் கொள்ளி வைச்சது. நீங்கள் பேப்பருக்கு எழுதிற மாதிரி எழுதி அனுப்புங்கோ. பாவம் பாக்காமல். அது நீங்கள் எனக்குத் தரவேண்டினது.

அந்தச் சதுரக்கோட்டுத் துணியையும் அனுப்புங்கோ. தை அமாவாசைத் திவசத்துக்கு முன்னம் வரவேணும்.

ஸ்ரீஸ்கந்தராசா


ரொறன்ரோ
6 டிசம்பர் 1987

ஸ்ரீ,

சண்டையால் யாழ்ப்பாணத் தொடர்பு இல்லை. சந்திரா பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்துவிட்டாள் என்று அறிந்து, நவம்பர் 28ஆம் திகதி தொலைபேசியில் பிடித்தேன். முதலில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். தந்தி பொய் என்று. பிறகு, "கேளுங்கோ, சொல்லுறன்" என்றாள். கொள்ளி வைத்த கனகசிங்கம் இப்போது மிசிசாகாவில் இருக்கிறான். நேரில் போய்க் கேட்டேன். இருவரும் சொன்னதில் ஒத்துப்போனதை மட்டும் எழுதியிருக்கிறேன். துணியைத் தனியே பொதி செய்து அனுப்பியிருக்கிறேன்.

செய்தி கீழே.

*

கோண்டாவில். திருமதி பரிமளம் (வயது 63) கடந்த ஜனவரி 29ஆம் திகதி வியாழக்கிழமை, தை அமாவாசையன்று, அதிகாலை 5.20 மணியளவில் தமது வீட்டில் காலமானார்.

முதல்நாள் புதன்கிழமை அவர் வழமைபோல் இருந்தார். பிற்பகலில் கிணற்றடியில் கீரை ஆய்ந்தார். மாலை ஐந்து மணியளவில், குவாதலூப்பில் இப்போது எத்தனை மணி என்று மகள் சந்திரவதனாவிடம் கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. (அப்போது அங்கு காலை 7.30 மணி.) இரவு இரண்டு இடியப்பம் உண்டார்.

அதிகாலை 4.40 மணியளவில் நெஞ்சு இறுக்குவதாகச் சொன்னார். மகள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். அரைவாசி குடித்தார். எரிபொருள் இல்லாததால் அயலில் கார் ஓடவில்லை. மருமகன் சைக்கிளில் வைத்தியரைத் தேடிச் சென்றார். 5.15க்கு, "கதவைத் திற, வேர்க்குது" என்றார். அதுவே கடைசியாகப் பேசியது. வலி இருந்தது. நித்திரையில் போகவில்லை. முன்னறையில், வாசலுக்கு நேரே போட்ட பாயில், மகளின் மடியில் உயிர் பிரிந்தது.

தகனம் மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. மூத்த மகன் முன்னரே காலமானதாலும் இளைய மகன் ஸ்ரீஸ்கந்தராசா வெளிநாட்டில் இருந்ததாலும், மகன் முறையான பெறாமகன் கனகசிங்கம் கொள்ளி வைத்தார். வைக்குமுன் இளைய மகனின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக என்று மூன்று முறை கூறினார்.

இளைய மகனுக்கு இச்செய்தியை நேரில் அறிவிக்கும் பொறுப்பு, அப்போது கப்பலில் குவாதலூப் செல்லவிருந்த எஸ். நவரட்ணம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெப்ரவரி 18ஆம் திகதி தீவில் இறங்கி, மகனுடன் எட்டு மணித்தியாலமும் மூன்று நிமிடமும் இருந்தார். அறிவிக்கவில்லை. கப்பலில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை. மகன் செய்தி அறிந்தது மார்ச் 26ஆம் திகதி. இடைப்பட்ட முப்பத்தாறு நாட்களுக்கும் இந்தச் செய்தியாளனே பொறுப்பு.

*

இவ்வளவும்தான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்து.

நவரட்ணம்


புவாந்தாப்பித்
20 ஜனவரி 1988

நவம் அண்ணைக்கு,

செய்தி வந்தது. துணியும் வந்தது. செய்தியை மூண்டு தரம் வாசிச்சன், முதல்தரம் அழுதுகொண்டு, மற்ற ரெண்டு தரமும் பழைய பழக்கத்தில.

இந்தக் கிழமை தை அமாவாசைக்குத் திவசம் முடிஞ்சுது. இவையள் செத்தவைக்குச் சாம்பிராணி போட்டுப் படைக்கிற மாதிரியே படைச்சம். சோறு, கீரை, ரெண்டு இடியப்பம். இடியப்ப உரல் இல்லை, சீமோன் தகரத்தில ஓட்டை போட்டுச் செய்து தந்தவன், நூல் நூலாய் வராமல் கயிறு மாதிரி வந்தது. துணியை விரிச்சு வைச்சன். பேர்ணடெற் கேட்டா, இப்ப சொல்லு, எப்பிடிச் செத்தவ எண்டு. உங்கட செய்தியை வரி வரியாய் அவவுக்குச் சொன்னன். கதவைத் திறக்கச் சொன்ன இடத்தில அவ எழும்பிப் போய்க் கடைக் கதவைத் திறந்துவிட்டா.

செய்தியில ஒரு பிழை இருக்கு. திருத்திப்போட்டுத்தான் வைச்சிருக்கிறன். "கப்பலில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை" எண்டு எழுதியிருக்கிறியள். பாத்தீங்கள் அண்ணை. ரெண்டு தரம் ஏணியில நிண்டு பாத்தீங்கள். அண்டைக்கே எழுதினனான், என்ர பெப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. அந்த வரியை வெட்டிவிட்டன்.

மற்றதெல்லாம் சரி.

ஸ்ரீ